‘தங்கள் மனு கேள்வி வடிவில் உள்ளது’: பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலர்கள், முதல் மேல்முறையீட்டு அலுவலர்கள்

பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 – பதில் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சில வரிகள் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தகவல் உரிமை மனுவுக்கு வரும் பதில் எப்படிப்பட்டது என்று உறையைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடலாம். கனமாக இருந்தால் நகல்கள் உள்ளே இருக்கின்றன. ஒற்றைத் தாளாக இருந்தால் ஐந்து வரிகளில் ஒன்று வந்திருக்கிறது: ‘கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க வழிவகையில்லை’, ‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’, ‘மூன்றாம் நபர் தகவல்’, ‘இவ்வலுவலகம் சார்ந்ததல்ல’, ‘நேரில் வந்து பார்வையிட்டுக்கொள்ளவும்’. மாவட்டம் மாறினாலும் துறை மாறினாலும் வாசகம் மாறுவதில்லை. பழைய பதிலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்செடுப்பது பழக்கமாகிவிட்டது.

மனு எழுதிக்கொடுக்கும் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறோம். சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 1997இல், இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தில் உரிமையைவிட விலக்குகள்தான் அதிகம் என்பது வேறு கதை. இப்போதிருக்கும் சட்டத்தில் விலக்கு எல்லாம் 8, 9, 24 ஆகிய மூன்று பிரிவுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மேற்சொன்ன ஐந்து வரிகளில் ‘மூன்றாம் நபர்’ ஒன்றுக்குத்தான் அங்கே ஏதோ ஒரு வேர் உண்டு. மற்ற நான்கும் அலுவலகத்திலேயே முளைத்தவை.

‘கேள்வி வடிவில் உள்ளது’ என்ற முதல் வரியில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். பதிவேட்டில் இருப்பதைத்தான் தரமுடியும். இல்லாததை உருவாக்கித் தரவோ, கருத்துச் சொல்லவோ உங்களுக்குக் கடமையில்லை என்று விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. ‘என் பட்டா மாறுதல் மனுவை ஏன் நிராகரித்தீர்கள்?’ என்று ஒருவர் கேட்டால், நீங்கள் உட்கார்ந்து காரணம் யோசித்து எழுதவேண்டியதில்லை. ஆனால் அந்தக் காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதே! குறிப்புக் கோப்பில் எழுத்தர் குறிப்பு வைத்திருப்பார், துணை வட்டாட்சியர் கையெழுத்திட்டிருப்பார், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நடப்புக் கோப்பில் இருக்கும். கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் படித்தால் மனுவில் மிஞ்சுவது ஒரு கோப்புதான். குறிப்புக் கோப்பும் தகவல்தான் என்பது 2006 தொடக்கத்திலேயே மத்தியத் தகவல் ஆணையம் முடிவுசெய்த விஷயம். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிக்கவேண்டும் என்று பிரிவு 4(1)(டி) தனியாகவே சொல்கிறது. அதற்கு மனுகூடத் தேவையில்லை. எழுதத் தெரியாமல் வாய்மொழியாகக் கேட்பவருக்கு அதை எழுத்தாக்கிக் கொடுப்பதே உங்கள் வேலை என்று 6(1) சொல்லும்போது, எழுதியவரின் வாக்கிய அமைப்பைக் காட்டித் திருப்பி அனுப்புவது எப்படிச் சரியாகும்?

மனுதாரர்களிடமும் இதையே சொல்கிறோம். ‘போட்ட சாலை ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது?’ என்று கேட்காதீர்கள். அந்தப் பணியின் மதிப்பீடு, ஒப்பந்தம், வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கின் பக்கங்கள், பில், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள் என்கிறோம். எம்-புக்கில் நீளம் 320 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 0.15 மீட்டர் என்று இருந்தால் 144 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. சாலையின் ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 48 கன மீட்டர் எங்கே என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். அதை உங்களிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அதனால்தானோ என்னவோ, எம்-புக்கைக் கேட்டால் மட்டும் ‘வணிக இரகசியம்’ என்று 8(1)(டி) வந்துவிடுகிறது. வேலை முடிந்து, பொதுப்பணத்தில் பில் பட்டுவாடாவும் ஆன பிறகு, சாலையின் கனத்தில் யாருடைய போட்டி நிலை கெடும் என்று அந்தப் பதிலில் ஒரு வரியாவது எழுதுங்கள். மறுப்பதற்குக் காரணம் காட்டும் சுமை உங்களுடையது என்கிறது 19(5). பிரிவின் எண்ணை மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது. ‘விசாரணையில் உள்ளது’ என்ற பதிலுக்கும் இதுதான். விசாரணை நடக்கிறது என்பது போதாது, தந்தால் அது எப்படித் தடைப்படும் என்று காட்டவேண்டும் என 8(1)(எச்) குறித்து டெல்லி உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது.

‘கோப்பு கிடைக்கப்பெறவில்லை’ என்ற வரிக்கு வருவோம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் அலுவலக நடைமுறையில் ஒரு காகிதம் தொலைவது அவ்வளவு எளிதல்ல. தபால் வந்ததும் அதன் அடையாளமாக ந.க. எண் விழுகிறது. அந்த எண் சம்பந்தப்பட்ட எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறுகிறது. எந்தத் தேதியில் யாருக்குப் போனது, எப்போது திரும்பியது என்று வரிசையாகப் பதிவாகிறது. முடிவானதும் ஒரு வகை குறிக்கிறார்கள்: ஓராண்டுக்கு எல்.டிஸ், மூன்றாண்டுக்கு கே.டிஸ், பத்தாண்டுக்கு டி.டிஸ், நிரந்தரமாக வைக்க ஆர்.டிஸ். இப்போது ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று தமிழில் எழுதுகிறார்கள். பிறகு கோப்பு பதிவறைக்குப் போகிறது. காலம் முடிந்தால் பட்டியலிட்டு, ஒப்புதல் வாங்கி அழிக்கிறார்கள். அதற்கும் பதிவேடு உண்டு. ஆக, ஒரு கோப்பைப் பற்றிச் சொல்ல உண்மையில் மூன்றே பதில்கள்தான்: இருக்கிறது, இந்தத் தேதியில் இந்த உத்தரவுப்படி அழிக்கப்பட்டது, இருக்கவேண்டும், ஆனால் காணவில்லை.

இரண்டாவது பதிலைச் சொன்னால் அழிப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கத்து நகலையும் சேர்த்துக் கொடுங்கள், விஷயம் அதோடு முடிந்தது. மூன்றாவதைச் சொன்னால் அது பதிலே ஆகாது, ஒரு நடவடிக்கையின் தொடக்கம். காணாமல் போனது என்பது 8இலும் இல்லை, 9இலும் இல்லை. 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒருகாலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவல் இப்போது அகப்படவில்லை என்றால் முழுமையாகத் தேடவேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பாளியைக் கண்டறியவேண்டும். 1980களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் விழுந்த பிழைகளுக்காக இன்றும் அலைகிறவர்கள் கேட்பதெல்லாம், அந்தப் பெயர் எந்த ஆவணத்தின்படி ஏறியது என்ற ஒன்றைத்தான். ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கோர்ட்டுக்கும் போகமுடியாது. தன்பதிவேட்டில் அந்த எண் இருந்த வரியின் நகல் கையில் இருந்தால் போகலாம். எங்களிடம் வருபவர்களுக்கு இப்போதெல்லாம் இரண்டு மனு எழுதுகிறோம். முதலாவது கோப்புக்கு. ‘கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால், இரண்டாவது தன்பதிவேட்டுப் பக்கத்துக்கும் பதிவறைக்கு அனுப்பிய பதிவுக்கும் அழிப்புப் பதிவேட்டுக்கும். இரண்டாவது மனு போனதும் முதல் மனுவில் கேட்ட கோப்பு கிடைத்துவிடுவது உண்டு.

மூன்றாம் நபர் விஷயத்தில் இப்போது நீங்கள் கையில் வைத்திருப்பது கூர்மையான கத்தி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே)யைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனித்தகவல் மட்டுமே விலக்கு. சட்டமன்றத்துக்கு மறுக்கமுடியாததை ஒரு சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே விலக்கு. திருத்தம் தவறு என்பது எங்கள் கருத்து. அது சட்டம் இயற்றியவர்களோடு பேசவேண்டியது. உங்களோடு பேசவேண்டியது, திருத்தம் தொடாமல் விட்டவற்றைப் பற்றி. 8(2) அப்படியே இருக்கிறது: மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதில் பொதுநலன் மிகுதி என்றால் தரலாம். அந்த எடைபோடலைச் செய்தீர்களா, என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று பதிலில் இரண்டு வரி இருக்கவேண்டும். 4(1)(பி)யும் அப்படியே இருக்கிறது. அதன்படி நீங்களாகவே வெளியிடவேண்டிய 17 வகைகளில் அலுவலர்களின் மாத ஊதியம் உண்டு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம் உண்டு, சலுகையும் அனுமதியும் பெற்றவர்கள் விவரம் உண்டு. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் அரசின் இணையதளத்திலேயே யாரும் பார்க்கலாம். பதிவான கிரயப் பத்திரத்தைப் பதிவுச் சட்டம் 1908இன் 57ஆம் பிரிவுப்படி யாரும் கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம். இவற்றைத் தனிநபர் தகவல் என்று மறுப்பது, தெருவில் தொங்கும் பெயர்ப்பலகையைத் துணிபோட்டு மூடுவதுபோல.

வேலைத் திட்டங்களின் வருகைப் பதிவேட்டை (மஸ்டர் ரோல்) பெயர்களை அழித்துவிட்டுத் தந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. இறந்தவர் பெயரில் கூலி போயிருக்கிறதா என்பதைப் பெயர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? 1990களின் நடுவில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்டர் ரோலைக் கூட்டத்தின் நடுவே பெயர் பெயராக வாசித்துக் காட்டியதில் வளர்ந்த இயக்கம்தான் இந்தச் சட்டத்துக்கே தாய். மறைக்கவேண்டியது ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும். அதற்குப் பிரிவு 10 இருக்கிறது: அந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் கொடுங்கள். நகலில் கறுப்பு மையால் அடித்து அப்படியே தராதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும். அடித்த நகலை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அதைக் கொடுங்கள். என்ன நீக்கினீர்கள், ஏன், முடிவெடுத்தவர் யார் என்று கூடவே எழுதவேண்டும் என்பதும் அதே பிரிவுதான்.

இன்னொன்று: 11ஆம் பிரிவின்படி மூன்றாம் நபரிடம் கருத்துக் கேட்பதற்கு அர்த்தம் அவரிடம் அனுமதி கேட்பது அல்ல. மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு, அவருக்கு 10 நாள் அவகாசம், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. அந்த முடிவு உங்களுடையது. அவர் ஆட்சேபித்தார், ஆகவே மறுக்கிறேன் என்று எழுதினால் முடிவெடுக்கும் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

அந்த அறிவிப்பில் மனுதாரரின் பெயர், முகவரி, செல்போன் எண் எதையும் சேர்க்காதீர்கள். என்ன தகவல் கேட்கப்பட்டிருக்கிறது என்பது போதும். காலையில் கொடுத்த மனுவைப் பற்றி மாலையில் ஒப்பந்ததாரரின் ஆள் வீட்டு வாசலில் வந்து பேசுகிறார் என்றால் தகவல் எங்கிருந்து கசிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2010 ஜனவரியில் புனே அருகே சதீஷ் ஷெட்டியும், அதே ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் அமித் ஜேத்வாவும் கொல்லப்பட்டார்கள்; இருவரும் தகவல் கேட்டவர்கள். தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறெதையும் மனுதாரரிடம் கேட்கக்கூடாது என்கிறது 6(2). ஆதார் நகல் கேட்பதற்கு அங்கே இடமில்லை. தபால் பெட்டி எண் கொடுத்தால் அதுவே போதும், வீட்டு முகவரியை வற்புறுத்தாதீர்கள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்வியும் அப்படித்தான். 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே காரணம் சொல்லவேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதி, சில நாட்களிலேயே தானாக அந்தப் பகுதியை நீக்கியது. நீக்கிய பகுதியை இன்னமும் மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

‘இவ்வலுவலகம் சார்ந்ததல்ல’ என்று எழுதி முடித்துவிடுவதும் சட்டத்தில் இல்லை. வேறு பொது அதிகார அமைப்பிடம் இருக்கும் தகவல் என்றால் 5 நாளுக்குள் 6(3)இன்படி நீங்களே அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்கவேண்டும். இருபத்தெட்டாம் நாள் அனுப்புவது மாற்றல் அல்ல, தள்ளிவிடல். உங்கள் அலுவலகத்திலேயே பக்கத்து இருக்கையில் இருக்கும் கோப்புக்கு 6(3) எதற்கு? அதற்கு 5(4). இந்தப் பிரிவை நீங்கள் அதிகம் பயன்படுத்தாதது எங்களுக்கே வியப்பு, ஏனென்றால் அது உங்களைக் காப்பாற்றும் பிரிவு. கோப்பை வைத்திருக்கும் எழுத்தரிடமோ பொறியாளரிடமோ தேதியிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். அவர் தரவில்லை என்றால் 5(5)இன்படி அவரே பொதுத் தகவல் அலுவலராகக் கருதப்படுவார். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் அவர் சம்பளத்தில் விழும். வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் நூறாவது நாளில் முழுத்தொகையும் உங்கள் தலையில்தான்.

கட்டணக் கடிதங்களைப் பற்றி. பக்கத்துக்கு 2 ரூபாய். ‘5 பக்கம், 10 ரூபாய் கட்டவும்’ என்று இருபத்தொன்பதாம் நாள் கடிதம் போகிறது, அதையும் டி.டி.யாகக் கேட்கிறார்கள். 10 ரூபாய்க்கு டி.டி. எடுக்க வங்கிக்குத் தரும் கமிஷன் 10 ரூபாயைத் தாண்டும். அலுவலகத்தில் ரொக்கமாக வாங்கி ரசீது கொடுங்கள். கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து பணம் கட்டிய நாள்வரைதான் 30 நாள் கணக்கில் சேராது. மீதி ஓடிய நாட்கள் ஓடியவைதான். இருபத்தொன்பதாம் நாள் கேட்டால் பணம் வந்த பிறகு உங்களுக்கு மிச்சம் ஒரே நாள். முப்பது தாண்டிவிட்டால் 7(6)இன்படி பணமே கேட்கமுடியாது. 30 நாள் என்பது மனு உங்கள் அலுவலகத்துக்கு வந்த தேதியிலிருந்து; உங்கள் மேசைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. மனுவில் கோர்ட் ஸ்டாம்புக்குப் பதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் அது மனுதாரர் தவறு, எங்களால் மறுக்கமுடியாது. ஆனால் அதை முதல் வாரத்திலேயே சொல்லலாமே, முப்பதாம் நாள்வரை ஏன் வைத்திருக்கவேண்டும்?

நேரில் பார்வையிட அழைப்பது நல்ல வழி. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 4ஆம் தேதியிட்ட கடிதம், 9ஆம் தேதி தபால் முத்திரையோடு, 10ஆம் தேதி காலை 11 மணிக்கு வரச்சொன்னால் அது அழைப்பு ஆகாது. குறைந்தது பத்து நாள் இடைவெளி கொடுங்கள், கோப்பின் மொத்தப் பக்கத்தைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பார்த்த பக்கங்களைச் செல்போனில் படமெடுக்கக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. நகல் கேட்டவரைப் பார்வைக்கு மட்டும் அழைத்துவிட்டு மனுவை முடித்துவைப்பதும் கூடாது. கேட்ட வடிவில் தருவது அலுவலக ஆதாரங்களை அளவுக்கு மீறி இழுக்கும் என்றால் வடிவத்தை மாற்றலாம் என்று மட்டுமே 7(9) சொல்கிறது; மறுக்க அது வழியல்ல.

அதே சமயம், 7(9)ஐ எடுக்கத் தூண்டும் மனுக்கள் வருகின்றன என்பதும் உண்மை. ‘2005 முதல் இன்றுவரை அனைத்து ஆவணங்களும்’ என்று ஒரு வரி. 38 மாவட்டத்துக்கும் ஒரே மனு. ஒரே தாளில் நாற்பது கேள்வி. தனிப்பகையில் ஒரே அலுவலரைக் குறிவைத்து வாரம் ஒரு மனு. இவற்றை நாங்கள் எழுதித் தருவதில்லை. ஒரு மனுவுக்கு ஒரு பொருள், ஒரு காலவரம்பு, முடிந்தால் ந.க. எண் என்பதே நாங்கள் சொல்லும் முறை. அலுவலகத்தில் இருக்கும் வேலையோடு இதையும் பார்க்கவேண்டும், தனி ஆளும் கிடையாது, ஜெராக்ஸ் இயந்திரம் பாதி நாள் ஓடாது என்பதும் தெரியும். அந்தக் குறையை எழுத்துமூலம் மேலே அனுப்புங்கள்; மனுதாரர் தலையில் இறக்காதீர்கள்.

முதல் மேல்முறையீட்டு அலுவலர்களே, ‘பொதுத் தகவல் அலுவலர் ஏற்கெனவே பதில் அளித்துள்ளார்’ என்ற ஒற்றை வரி உத்தரவு ஆகாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் தரப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுப்பு ஏன் சரி என்று இருக்கவேண்டும். 30 நாள், காரணத்தை எழுதிவைத்தால் 45. நீங்கள் அங்கே முடிக்காதது 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடாகத் தகவல் ஆணையத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறது. பலர் 18ஆம் பிரிவில் புகார் மட்டும் போட்டுவிடுகிறார்கள். புகாரில் அபராதம் வரலாம், ஆனால் தகவலைத் தரச்சொல்லி உத்தரவு வராது என்று 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டாம் மேல்முறையீட்டுக்கான 19(3)இல்தான் போகச்சொல்கிறோம்.

பொதுத் தகவல் அலுவலர்களே, உங்களிடம் உடனே கேட்பது இரண்டு. அலுவலகப் பலகையிலும் இணையதளத்திலும் மாறுதலாகிப் போனவரின் பெயர் இன்னும் இருக்கிறது. உங்கள் பெயரையும் மேல்முறையீட்டு அலுவலரின் பெயரையும் எழுதுங்கள். அடுத்து, கணினியில் இருக்கும் அந்த மாதிரிப் பதில் கோப்பை அழித்துவிடுங்கள். அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றத் தேவையில்லை.

இப்படிக்கு,
தகவல் உரிமை மனுக்கள் எழுத உதவுவோர்